எழுதாத பக்கத்தில் கையெழுத்து

சிறுசேரிக்கும் முட்டுக்காட்டுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவள் தனகோடி. காலையில் முடிச்சுப் போட்ட கயிற்றைப் பொதுக்கிணற்றில் விட்டு ஆழம் பார்ப்பாள். போன வருடம் ஆறாவது முடிச்சில் தண்ணீர் இருந்தது. இப்போது பதினொன்று. அதுவும் வாயில் வைத்தால் கரிக்கிறது.

காரணம் ஊருக்கே தெரியும். கிணற்றை ஒட்டிய நிலத்தில் தாமோதரன் நான்கு போர் போட்டு, நாளெல்லாம் டேங்கர் லாரிகளுக்கு விற்கிறார். கேட்டால் "என் நெலம், என் தண்ணி" என்பார். சட்டமும் அவர் பக்கம்தான் சாய்ந்து நிற்கிறது. எனக்கு வயிறு எரியும்.

அவளும் நானும் தாலுகா ஆபீசுக்குப் புகார் கொடுக்கப் போனோம். அதிகாரி ஒரு தாளை எடுத்துப் போட்டார். லாரிக்குத் தண்ணீர் எடுக்க ஆட்சேபணை இல்லை என்று ஜனவரி கிராமசபைத் தீர்மானம். கீழே எண்பது கையெழுத்து. முதலில் தனகோடியுடையது.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. கூட்டத்துக்கு வந்ததும் தீர்மான நோட்டின் காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயைக் குடித்துக் கிளம்பிவிடுவோம். தீர்மானத்தைப் பிறகு மேலே எழுதிக்கொள்வார்கள். அன்று ஆள் குறைகிறது என்று வீடு வீடாக நோட்டைத் தூக்கிப் போனவளும் அவள்தான். நன்றாகத் திட்ட நினைத்தேன். நானும் போட்டிருந்தேனே, எந்த முகத்தோடு திட்டுவது?

மே மாதக் கூட்டத்தில் தனகோடி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"குடும்மா, ஜனம் காத்துகினு கீது" என்றார் ஊராட்சிச் செயலர் ராஜாராம்.

"மொதல்ல எழுதுங்க சார். பழைய தீர்மானம் வாணாம், லாரிக்குத் தண்ணி எடுக்கக் கூடாதுன்னு எழுதிப் படிங்க. அப்பால போடறோம்."

தாமோதரன் எழுந்தார். "இன்னாமே, போன தபா வூடு வூடா போயி எனக்குக் கையெழுத்து வாங்கித் தந்தது யாரு? சொல்லு!"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. கோபக்காரர் உலகநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இல்லையென்று சொல்லிவிடேன் என்றுகூட நினைத்தேன்.

"நான்தான்" என்றாள். "இன்னா எழுதப் போறாங்கன்னு கேக்கல. உங்க புள்ளைங்க உப்புத் தண்ணி குடிக்கிறது என்னாலதான்."

நோட்டை மேசைமேல் வைத்தாள். ராஜாராம் தாமோதரனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எழுதினார். உரக்கப் படித்தார். தனகோடி போட்டாள். அடுத்து நான்.

பேனாவை வாங்கிய உலகநாதன் குனியவில்லை.

"இன்னொரு தபா படிங்க சார்" என்றார்.

அன்று ராஜாராம் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.