ஆவியாகும் அளவுக்கே வேகம்

நான் வேலை செய்யும் கப்பலின் இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. போன விடுமுறையில் மலைமேல் கிளாவரை ஊரில் எங்கள் வீட்டில், பூண்டு பரப்பியிருந்த அறையில் உட்கார்ந்து அப்பாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பனிக்கட்டியே சூடு என்று தோன்றும் அளவுக்குக் குளிர்வித்து, இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலின் தொட்டிகளில் ஏற்றுவார்கள். தொட்டிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வெப்பம் கொஞ்சம் உள்ளே போகும். போகிற வழியெல்லாம் சரக்கு சிறிது சிறிதாக ஆவியாகும். பழைய கப்பல்களில் அந்த ஆவியைக் கொதிகலனில் எரித்து, நீராவியால் டர்பைனைச் சுற்றினார்கள். வெப்பத்தில் பாதிக்கு மேல் வீண். எங்கள் கப்பலில் இன்ஜினே அதை நேராக எரித்துக்கொள்ளும்.

அப்பா பூண்டுச் சருகை ஊதித் தள்ளினார்.

"அப்ப ஏத்துன சரக்கத் தின்னுக்கிட்டே போறீங்க. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட்டு ஏத்துன டிரைவரு வழியெல்லாம் கடிச்சுக்கிட்டே போற மாதிரி."

"மெதுவாப் போனா கொஞ்சமாத்தான்ப்பா தின்னும். தானா ஆவியாகுறதே போதும்."

"வெரசாப் போகணும்னா?"

"மிச்சச் சரக்கையும் சூடு பண்ணி ஆவியாக்கணும். நட்டம்."

"அப்ப மெதுவாவே போங்கத்தா. யாரு வெரட்டுறா."

அடுத்த பயணத்தில், நடுக்கடலில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். அப்பாவின் இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே கெடக்காரு. கப்பலக் கொஞ்சம் வெரசா ஓட்டச் சொல்லு புள்ள."

சீஃப் இன்ஜினியர் தூத்துக்குடிக்காரர். அவரிடம் போய் அப்படியே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓட்டலாம்மா. ஆனா துறைமுகத்துல நமக்கு எடம் குடுத்த நாளு குடுத்ததுதான். முன்னாடி போனா வெளிய நங்கூரம் போட்டு நிக்கணும். அங்கருந்து ஆள எறக்க விடமாட்டாங்க. கரையப் பாத்துக்கிட்டே நிக்கது இதவிடக் கொடுமை."

என் முறைக்கு இன்ஜின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தேன். திரையில் எரிபொருள் கோடு ஏறாமல் இறங்காமல் ஓடியது. முன்பெல்லாம் அது நேராக இருந்தால் எனக்குப் பெருமை. இப்போது அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. வெறுத்துக்கொண்டே அதை நேராக வைத்திருந்தேன். அதுதான் என் வேலை.

கப்பல் குறித்த நாளில்தான் துறைமுகம் சேர்ந்தது. மதுரையில் விமானம் இறங்கி வெளியே வந்தபோது அண்ணன் ஜீப்போடு நின்றான். அப்பா எப்படி இருக்கிறார் என்றேன். "ஏறு" என்றான்.

மலைப்பாதையில் யாருக்கும் வழிவிடாத ஆள் என் அண்ணன். வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்திக்கொண்டே ஏறுவான். அன்று இரண்டாம் கியரிலேயே ஏறினான். பின்னால் வந்த டூரிஸ்ட் வேன்களுக்கெல்லாம் ஒதுங்கி நின்றான். பெருமாள்மலை தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, வெரசாப் போலாம்ல?"

அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இன்னைக்கு வெள்ளனே போயிட்டாரு புள்ள. ஒனக்காகத்தான் எடுக்காம வச்சிருக்கோம். இனி அவரு எங்கயும் போகப்போறதில்ல."

பூம்பாறைக்கு மேலே எதிரில் ஒரு கேரட் லாரி இறங்கி வந்தது. அண்ணன் ஜீப்பை மலையோரமாக நிறுத்தினான். லாரி போய் வெகுநேரமாகியும் அவன் வண்டியை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.