புளியங்கட்டை பைப்

அடி அண்ணாமலையில் அருணாதேவியின் கடைசல் பட்டறைச் சத்தம் கேட்காத நாள் பௌர்ணமி மட்டும்தான். அன்றைக்கு வாசலில் கிரிவலக் கூட்டம் நடக்கும், மரத்தூள் பறக்கக் கூடாது என்று அவளே மோட்டாரை நிறுத்திவிடுவாள். மற்றபடி யார் சொல்லியும் நிறுத்தினவள் இல்லை. புருஷன் செத்ததும், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் கூடி வந்து பேசினார்கள். பம்பரம் கடைந்துகொண்டேதான் அவர்களுக்கு பதில் சொன்னாள்.

பம்பரத்திலிருந்து பைப்புக்கு அவளைக் கொண்டுவந்தவன் வல்லரசு. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம், கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவன். வெள்ளைக்காரர்கள் புகையிலை பிடிக்கும் பைப் ஒன்றைக் காட்டி, இதுபோலச் செய்ய முடியுமா அக்கா என்று கேட்டான். அது பிரையர் என்கிற சீமைச் செடியின் வேர்முண்டில் செய்தது. நெருப்புக்கு அசையாது, ஆனால் யானை விலை குதிரை விலை. அருணாதேவி ஊர் மரங்களைக் கடைந்து, பக்கத்து வீட்டில் சுருட்டுப் பிடிக்கும் சடையனிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். வேம்பு கசந்தது. மாங்கட்டை கருகி ஓட்டை விழுந்தது. கடைசியில், கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுகிற புளிதான் தாங்கி நின்றது. வைரம் பாய்ந்த நடுக்கட்டையாகப் பார்த்து எடுப்பாள். புகையிலை திணிக்கிற கிண்ணத்துக்குள், கட்டை கருகாமலிருக்க, தேனில் குழைத்த கரித்தூளைப் பூசிக் காயவைப்பாள். அடியில் சூட்டுக் கம்பியால் 'புளி' என்று எழுதினால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி.

அந்த எழுத்து வல்லரசின் கண்ணை உறுத்தியது. அதை விட்டுவிட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றினால் பிரையர் என்றே விற்கலாம் என்றான். முடியாது என்றாள். அவன் சரியென்று தலையாட்டினான். சரக்கை வாங்கிப் போய் எழுத்தைத் தேய்த்து அழித்தான், உள்ளும் புறமும் சிவப்பு வார்னிஷ் அடித்து, பிரையர் என்று விற்றான். வாங்கிப் பற்றவைத்த ஒரு வெள்ளைக்காரனுக்கு வாயெல்லாம் வார்னிஷ் புகை. அவன் திருப்பிக் கொண்டுவந்து கத்தியபோது, அடி அண்ணாமலைப் பொம்பளை மட்டக் கட்டையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாள் என்று வல்லரசு கூசாமல் சொன்னான்.

அந்தப் பேச்சு, அவன் எழுத்தை அழித்து வார்னிஷ் அடித்த கதையோடு சேர்ந்து, அவள் காதுக்கு வந்தது. அவளிடம் பைப் வாங்க வல்லரசைத் தவிர வேறு ஆள் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைப்பு ஓடும். ஆனால் அவள் கட்டை கெட்ட கட்டை என்ற பேர் நிலைத்துவிடும். மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோ ஏறிப் போனாள். வல்லரசின் கடைவாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து புளிப் பைப்பை எடுத்தாள், புகையிலை திணித்தாள், பற்றவைத்தாள்.

கோயில் ஊரில், ஆளும் வண்டியும் போகிற ரோட்டோரம், ஐம்பது வயதுப் பொம்பளை. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், அந்த வெள்ளைக்காரனும் வந்தான். அவள் அதற்குமுன் ஒரு பீடிகூடத் தொட்டதில்லை. இருமல் பிடுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் விடவில்லை. வல்லரசு ஓடிவந்தான்.

"அக்கா, எந்திரிங்க. மானம் போவுது."

"போறது உன்னுது. என் கட்டை எரியுதான்னு பாத்துக்கினு நில்லு."

புகையிலை முழுக்கச் சாம்பலானதும் தட்டிவிட்டு, பைப்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள். கிண்ணத்தில் கருகல் இல்லை, விரிசல் இல்லை, வார்னிஷ் நாற்றமும் இல்லை. வெள்ளைக்காரன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அடியில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டான். புளி என்று அவளே சொன்னாள்.

அதன்பிறகு பைப் தேடுகிறவர்கள் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்கே வர ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் பொறுத்து வல்லரசும் வந்தான். பழையபடி சரக்கு வேண்டும், எழுத்தோடு இருந்தாலும் பரவாயில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அருணாதேவி அடுப்பில் பழுத்திருந்த கம்பியை எடுத்து, பிடிப்பக்கமாக அவனிடம் நீட்டினாள்.

"எழுத்தைத் தேய்ச்ச கைதான. நீயே எழுதி எடுத்துக்கினு போ."

அவன் உட்கார்ந்து எழுதினான். பழகாத கையில் 'ளி' கோணலாக விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள். படிக்க முடிகிறது என்று சொல்லி, அடுத்த பைப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.