காமயகவுண்டன்பட்டியில் பார்த்த சூரியப் பொட்டு

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் சுருளி அருவியைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். நான் அங்கே முதன்முதலாக அவசரமாகப் போனதற்குக் காரணம் சூரியன். எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். கிரகங்கள் எல்லாம் சூரியனுக்கு ஒரே பக்கம் வரப்போகின்றன, அதனால் சூரியன் சீறும், அதன் மேல் தெரியும் கரும்பொட்டுகள் பெருகும், மழை பொய்க்கும் என்று ஊரெங்கும் பேச்சு. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த என் அக்கா செல்வியின் கணவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அக்கா பள்ளிக்குப் போன் போட்டாள். "வசந்தா, நாளைக்குக் காலையில கொடியெல்லாத்தையும் வெட்டுறதுக்கு ஆள் சொல்லிட்டாக. நெலத்தையும் வித்துருவோம்ங்கிறாக. நீ சொன்னாத்தான் கேப்பாக."

அன்றே கிளம்பினேன். பள்ளி ஆய்வகத்திலிருந்த பைனாகுலரைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மதுரையிலிருந்து தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர். உசிலம்பட்டியில் நிறுத்திய பஸ், ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. டிக்கெட் எவ்வளவு என்று இப்போது நினைவில்லை. தேனியில் கம்பம் பஸ்ஸில் மாறினேன். இன்னும் நாற்பது கிலோமீட்டர். சின்னமனூரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் பச்சை. எனக்கு அது எதுவும் மனதில் பதியவில்லை. கொடியை வேரோடு வெட்டிவிட்டால் புதிதாக நட்டுப் பந்தலேற்றிப் பலன் பார்க்க வருஷங்களாகும் என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில் கண்டக்டரே பேச்சைத் தொடங்கினார். "திராட்சைத் தோட்டத்துக்கா? அங்கன ஒருத்தர் தெனமும் சூரியனையே பாத்துக்கிட்டு நிக்கிறாராம்மா. வெவரம் தெரியுமா?"

அது என் மச்சான்தான், அக்காவின் கணவர். பைனாகுலர் இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

நான் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மச்சான் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார். கையில், சூரியனைப் பார்க்க விளக்குப் புகையில் கறுப்பாக்கிய கண்ணாடித் துண்டு. என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மாவை வரவச்சிட்டாளா? மொத நாள் மூடுபனிக்குள்ள ஒரு பொட்டு பாத்தேன், சின்னது. இப்ப அது எவ்வளவு பெருசு தெரியுமா? நாளுக்கு நாள் பெருகுது" என்றார்.

அவர் முதலில் பார்த்தது பொய்யில்லை. சூரியனில் அந்த ஆண்டுகளில் பொட்டுகள் உச்சத்தில் இருந்தன. பெரிய பொட்டுகள் மூடுபனியில் வெறுங்கண்ணுக்கே தெரிவதுண்டு. ஆனால் நாளுக்கு நாள் பெருகுகிறதா? பையிலிருந்து பைனாகுலரை எடுத்தேன்.

பைனாகுலரின் ஒரு குழலை மூடி, மறு குழல் வழியாகச் சூரியனை வெள்ளைத்தாளில் விழ வைத்தேன். அக்கா தாளைப் பிடித்துக்கொண்டாள். வட்டத்தின் ஓரத்தில் இரண்டு சிறு பொட்டுகள், கடுகு அளவில்.

"இதுதான் மச்சான். இவ்வளவுதான்."

அவர் குனிந்தார். "நடுவுல இருக்கே பெருசு, அதைச் சொல்லு."

நடுவில் ஒன்றுமில்லை. அக்காவிடமிருந்து தாளை வாங்கி, நிழலுக்குக் கொண்டுபோய் வெறும் பின்பக்கத்தைக் காட்டினேன். "இப்ப?"

"இருக்கு." குரல் இறங்கிவிட்டது. மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். "செல்வி, ஒன் மூஞ்சிலயும் இருக்கு."

அக்கா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அங்கே ஏதோ ஒட்டியிருப்பது போல. பிறகுதான் பொட்டு அவர் கண்ணிலேயே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணாடித் துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மூவரும் கிளம்பினோம். அரிவாளோடு வந்த ஆட்கள் தோட்டத்து வாசலில் நின்றார்கள். மச்சான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள். "ஏலே, ஒரு கொடியத் தொடக்கூடாது. போங்க எல்லாரும்." மச்சான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மதுரையில் கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "சூரியனப் பாத்துப் பாத்து விழித்திரை வெந்திருக்கு. மருந்துன்னு ஒண்ணும் கிடையாது. தானா எவ்வளவு ஆறுதோ அவ்வளவுதான்." சில மாதங்களில் இடது கண் தெளிந்தது. வலது கண்ணின் நடுவில் ஒரு பொட்டு நின்றேவிட்டது.

சூரியப் பொட்டுக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் சிறியது. ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கொரு முறை பொட்டுகள் கூடிக் குறைகின்றன. அதில் சூரியனின் மொத்த ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு போலத்தான். பொட்டுகளே அரிதாக இருந்த ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கடுங்குளிர் அடித்தது உண்மை. அதற்கு எரிமலை போன்ற வேறு காரணங்களும் சொல்கிறார்கள். பொட்டை எண்ணி ஒரு தோட்டத்தின் மழையைச் சொல்ல யாராலும் முடியாது.

போகிறவர்களுக்கு: தேனியில் பஸ் மாறுவதானால் கூட்டத்துக்கு முன்பே ஏறி இடம் பிடியுங்கள். பன்னீர் திராட்சையைத் தோட்டத்திலேயே வாங்குங்கள். மேற்கு மலையில் சூரியன் இறங்குவது அழகுதான், மலையைப் பாருங்கள். சூரியனைப் பார்க்க ஆசையிருந்தால் தாளில் விழவைத்து மட்டும் பாருங்கள். பைனாகுலருக்குள் கண்ணை வைத்தால் நொடியில் பார்வை போய்விடும்.

இன்னும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்தில் மழை உண்மையாகவே குறைந்தது. நான் பயந்துகொண்டேதான் போனேன். மச்சான் பாதித் தோட்டத்தைக் காயவிட்டு, கிணற்றுத் தண்ணீரை மறுபாதிக்குத் திருப்பியிருந்தார். தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்துக் கொடியைக் கத்தரியால் நறுக்கிக் கவாத்து செய்துகொண்டிருந்தார்.

"இந்த வருசம் பொட்டு கூடவா, கொறச்சலா?"

"கொறச்சல்தான் மச்சான்."

"கொறஞ்சும் மழை இல்ல." கத்தரி நின்றது. "அப்ப நான் எதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

கத்தரியைப் பந்தல் கம்பியில் மாட்டினார். பிறகு, "சரி, கெணத்தப் பாப்போம்" என்று மோட்டார் போடப் போனார்.