பூச்சிமருந்துக்காரர் வீட்டு மண்புழுக்கள்

‘பூச்சி ஒழிப்பு வல்லுநர், முதல் நிலை. ஆபத்தான இரசாயனங்களை அச்சமின்றிக் கையாளத் தகுதி பெற்றவர்’ என்கிறது அவர் கழுத்தில் தொங்கும் அட்டை. அச்சமின்றி என்ற சொல்லை அட்டையை அச்சடித்தவர் எங்கிருந்து பிடித்தாரோ தெரியவில்லை. சக ஊழியர்கள் புகையண்ணன் என்று கூப்பிடும் இந்த மனிதர், வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் கட்டி, முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போடுவார். அடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் மண்புழுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். நான்கு வயது மகளைத் தூக்குவது அதற்கப்புறம்தான்.

பெட்டி மனைவியின் யோசனை. காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் அதில் எருவாகின்றன. எருவில் அவருக்கு அக்கறை கிடையாது. உடம்போடு மருந்து ஒட்டிக்கொண்டு வந்தால் முதலில் சாவது புழு, அடுத்தது பெட்டியில் கைவிட்டு விளையாடும் மகள் என்பது அவர் பயம். பகலெல்லாம் கொன்று பிழைப்பவருக்குச் சாயங்காலம் புழு நெளிந்தால்தான் மூச்சு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மனைவி பழச்சாற்றுக் கடை வேலைக்குப் போனபின் மூடியைத் திறந்தார். புழுக்கள் கூட்டமாகச் சுவரேறி மூடியில் அப்பியிருந்தன. நாலைந்து தரையில் விழுந்து நூல்போலக் காய்ந்திருந்தன. மருந்து வாடையில் மரத்துப்போன மூக்கு அவருக்கு எதையும் சொல்லவில்லை. மேலே கிடந்த ஈரக் காகிதத்தை விலக்கிப் பார்க்கவும் தோன்றவில்லை. மகளை ஒரு துண்டில் சுற்றி, தன் மேல் படாமல் ஏந்திக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

“குழந்தைக்கு என்ன பண்ணுது?”

“புழு சாகுது டாக்டர்.”

“வயித்துலயா?”

“பெட்டியில.”

டாக்டர் அவரை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, குழந்தையின் கண்ணையும் நெஞ்சையும் சோதித்தார். “பசிக்குது. வேற ஒண்ணும் இல்ல.”

“இன்னைக்கு இல்ல. நாளைக்கு?”

டாக்டர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மனைவி திரும்பி வந்தபோது மகள் கட்டிலில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவர் எதிர்மூலையில் கையை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, புள்ளையோட சண்டையா?”

“கிட்ட வராத. வெஷத்த வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள், காகிதத்தைத் தூக்கினாள். அடியில் மஞ்சளாக எலுமிச்சைத் தோல், கூடை கொள்ளுமளவு. “அடக் கடவுளே, நேத்து கடையிலேருந்து நான் கொண்டாந்து கொட்டினது! புளிப்பு ஆகாதுன்னு எதிர்வீட்டு அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. ஊர்ப் பூச்சிய நீங்க கொல்றீங்க, வீட்டுப் புழுவ நான் கொல்றேன். நல்ல ஜோடிதான் போங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “இந்தத் தடவை தோல். ஒருநாள் நெசமாவே நான் கொண்டாந்துட்டா?”

இருவரும் தோலை அள்ளி வெளியே போட்டார்கள்.

மறுநாள் காலை, மருந்தடிக்கும் பிரிவிலிருந்து எலிப்பொறி வைக்கும் பிரிவுக்குத் தன்னை மாற்றும்படி அவர் எழுதிக் கொடுத்தார்.