ஓவேலி ஜீப்புக்கு இரண்டு வார்

ஓவேலி எஸ்டேட் லயன் வீடுகளுக்கு மேலே ஒரு காட்டோடை பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. போன மழையில் அந்த இடம் குழியாகிவிட்டது. எஸ்டேட்டில் கேட்டால் அது பேரூராட்சிப் பாதை என்பார்கள். பேரூராட்சியில் கேட்டால் எஸ்டேட் பாதை என்பார்கள். அந்தப் பாதையில் ஆள் ஏற்றி ஜீப் ஓட்டும் நபீசா, இரண்டு ஆபீஸிலும் நின்று அலுத்துப்போய், பாதையை விட்டுவிட்டு ஜீப்பை மாற்றியமைத்தாள். உயரமான ஸ்பிரிங் பட்டையும் நீளமான ஷாக் அப்சார்பரும் போட்டு வண்டியைத் தூக்கினாள். குழியில் சக்கரம் எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் இறங்கிப் பிடித்து ஏறியது. அதுவே வினையாயிற்று. ஒரு நாள் காலையில் முன்சக்கரம் அளவுக்கு மீறி இறங்கியதில் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் இழுபட்டு அறுந்துபோனது. வண்டி நிறையக் கொழுந்து பறிக்கும் பெண்கள். நபீசா கியரை இறக்கி, வண்டியை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினாள். ஒருத்திக்கும் அடி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்களில் மூத்தவளான மருதாம்பாள் அக்கா ஜீப்பில் ஏறவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் நடக்க ஆரம்பித்தார்கள்.

நபீசா கூடலூர் பஜாரில் பிறந்தவள். அத்தா மிளகு மண்டியில் எடை போடுபவர். கல்யாணமான புதிதில், இந்த ஜீப்பை ஓட்டிவந்த கணவன் ஜலீல் விளையாட்டாக எஸ்டேட் மைதானத்தில் அவளுக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பாதையில் விழுந்த மரத்தை அறுக்கப் போன இடத்தில் கிளை முறிந்து அவன் முதுகில் இறங்கும் வரைக்கும் அது விளையாட்டாகவே இருந்தது. அதோடு அவன் கால்கள் செயலற்றுப்போயின. சம்பளத்துக்கு வைத்த டிரைவர் வண்டியைக் குதறினான். கடைசியில் நபீசாவே லைசென்ஸ் எடுத்தாள். பொம்பளை ஜீப் ஓட்டுவதா என்று அவள் அண்ணன் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தான். அதைக் கவனிக்க அவளுக்கு நேரம் இல்லை.

ஹோஸை மாற்றியாயிற்று. சக்கரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காதபடி பிடித்துக்கொள்ள வார் கட்ட வேண்டும் என்றான் ஜலீல். கெட்டித் துணிவார், ஒரு முனை வண்டியின் சட்டமான சேஸில், இன்னொரு முனை சக்கர அச்சான ஆக்சிலில். கோயமுத்தூரிலிருந்து பஸ் பார்சலில் இரண்டு வார் வந்து சேர்ந்தன. மெக்கானிக் கந்தனிடம் போனால், "அடுத்த வாரம் வாங்கக்கா" என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலை நபீசா பழைய நைட்டிக்கு மேலே ஜலீலின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு அடியில் புகுந்தாள்.

ஜலீலின் கட்டில் ஜன்னலோரம். அங்கிருந்தே கேட்டான்: "அளந்தயா?"

"அளந்தேனுங்க."

மேலே பிடியை வைத்துத் துளை போட்டு, கீழே ஆக்சிலைச் சுற்றி இரும்புப் பிடி மாட்டி, வாரை முறுக்கிக் கட்டினாள். பாதை முனை வரை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் வார் விறைத்து 'டம் டம்' என்று அடித்தது. திரும்பி வருவதற்குள் கீழ்ப் பிடி கோணிக்கொண்டது.

"எப்படி அளந்தே? சக்கரம் தரையில இருக்கறப்பவா?"

"பின்ன ஆகாசத்துலயா இருக்கும்?"

"தொங்க உட்டுல்ல அளக்கோணும்! வண்டிய ஜாக்கியில தூக்கி, சக்கரத்தைத் தொங்க உடு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?"

"இது தெரியாதா உனக்கு?"

ஜாக்கி வைத்துச் சேஸைத் தூக்கினாள். சக்கரம் முழுதாகத் தொங்கியது. கோணிய பிடியை அடித்து நிமிர்த்தி, மேல் பிடியைக் கழற்றிக் கீழே இறக்கிப் புதுத் துளை போடும்போது டிரில் பிட் முறிந்தது. வேறு பிட் தேடி எடுத்து வந்தபோது கரண்ட் போயிருந்தது. மழை வேறு தூற ஆரம்பித்துச் சேறு முதுகில் ஒட்டியது. கரண்ட் வந்து, துளை போட்டு, கட்டி முடித்துச் சொன்னபோது ஜலீல் கேட்டான்: "ஹோஸ் தளர்வா இருக்குதா, விறைப்பா இருக்குதா?"

விறைப்பாகத்தான் இருந்தது.

"அப்ப போச்சு. பாரம் ஏறினா வார் இன்னும் கொஞ்சம் இழுபடும். மறுபடியும் ஹோஸ்தான் அறும். மேல் பிடியக் கொஞ்சம் ஏத்திக் கட்டு."

ஏற்றிக் கட்டினாள். இரண்டு பக்கமும். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. தானே பார்க்க வேண்டும் என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கட்டிலிலிருந்து இறங்கிக் கைகளால் தவழ்ந்து வாசலுக்கு வந்தான். வேறு வழியில்லாமல் அவள் ஜாக்கியை இறக்கிச் சக்கரங்களைத் தரையில் நிறுத்தினாள்; சாக்கை விரித்து அவனை ஜீப்புக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அவன் வாரைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு, "வார் பட்டைக்கும் சேஸுக்கும் நடுவுல போகுது. வண்டி அமுங்கினா நசுங்கிரும். முன்பக்கமாத் திருப்பு" என்றான்.

அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததே அவளுக்குத் தாங்கவில்லை. ஸ்பேனரை உள்ளே எறிந்தாள். படுத்தபடியே அவன் இரண்டு பிடியையும் திருப்பி முறுக்கினான். கையில் பலம் அப்படியே இருந்தது. ஆனால் வெளியே வர முடியவில்லை. சாக்கைப் பிடித்து இழுத்ததில் கைலி எங்கோ மாட்டிக் கிழிந்தது. வலியில் அவன் பல்லைக் கடித்தான்.

"மெல்ல இழு, புள்ளே!"

"ரெண்டு வருசமாக் கட்டில்ல கெடந்துட்டே வண்டி ஓட்டறீங்க. ஓட்டறது நானு. ஞாபகம் இருக்கட்டுங்க."

அவனைத் துடைத்துக் கட்டிலில் சேர்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டு தனியாக ஓடைக்குப் போனாள்.

முன்சக்கரம் குழிக்குள் இறங்கியது. பாதியில் 'டக்' என்று வார் பிடித்துக்கொண்டது. எட்டிக் குனிந்து பார்த்தாள். ஹோஸ் தளர்வாக ஆடியது. அல்ஹம்துலில்லா என்று சொல்லி ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி நகரவில்லை. குழியின் அடியை எட்டாமல் முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. எதிர்மூலைப் பின்சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருந்தது. இரண்டும் சும்மா சுற்றின. நேற்று வரை ஏறிய குழியில், இன்று முழுக்க வேலை செய்த பிறகு, ஏற முடியவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் குத்தினாள். ஹாரன் அலறியது.

ஹாரன் கேட்டு விறகுக்கட்டோடு வந்து நின்றவள் மருதாம்பாள் அக்கா. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவள். பேச்சில் தயவு கிடையாது.

"என்னா புள்ள, மாட்டிக்கிட்டியா?"

நபீசா இறங்கி, வாரைக் காட்டி, காலையிலிருந்து பட்டதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இதுக்கு இம்புட்டுப் பாடுபட்டதுக்கு, குழியில நாலு கல்லப் போட்டிருக்கலாமே?"

"அது நம்ம வேலையா அக்கா? எஸ்டேட்டு..."

"எஸ்டேட்டு வருமுன்னா இன்னுங் காத்துக்கிட்டிருக்க?"

விறகை இறக்கி வைத்துவிட்டு அவளே முதல் கல்லைத் தூக்கி வந்தாள். இருவரும் ஓடையிலிருந்து கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் அடைத்தார்கள். அக்கா முதலில் எஸ்டேட்டைத் திட்டினாள்; பிறகு பேரூராட்சியை, பிறகு நபீசாவை. வண்டி கல்லைப் பிடித்து மேலே ஏறியது.

"ஏறுங்கக்கா, ஊட்டுல உடறேன்."

அக்கா விறகுக்கட்டை மட்டும் ஜீப்பில் ஏற்றினாள். "இது வரட்டும். நான் நடந்து வாரேன்." சொன்னபடியே பின்னால் நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நபீசா சொன்னாள்: "வார் பிடிச்சுதுங்க. ஆனா சக்கரம் எட்டலை."

"எட்டாது. அளவுக்கு மேல இறங்காதுன்னா அப்புறம் எப்படி எட்டும்?"

அவள் சோற்றுத் தட்டை அவன் முன்னால் சத்தமாக வைத்தாள். "தெரிஞ்சுட்டே சொல்லலையா நீங்க?"

"நீ எங்கே சொல்ல உட்டே?"

அவளுக்குக் கத்தத் தோன்றியது. கத்தவும் தெம்பில்லை. குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கடப்பாரை எங்கே வெச்சிருக்கீங்க? காலையில குழிய அடைக்க அக்கா நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னிருக்குது."

"கொட்டாயில இருக்கும். புடி ஆடும், பாத்து எடு." ஒரு வாய் சாப்பிட்டு நிமிர்ந்தான். "கல்லைச் சும்மா கொட்டாதே. பெரிய கல்லை அடியில..."

நபீசா பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திச் சோற்றைப் பிசைந்தான்.