கண்டல் நட்ட சனிக்கிழமைகள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா கிடந்த காலம். பாடசாலைச் சூழல் கழகத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்றதும் எட்டுப் பத்துப் பேர் ஓடிப் போனோம். இயற்கை மேல் பாசம் என்பதெல்லாம் பொய். சனிக்கிழமை வீட்டு வேலையிலிருந்து தப்ப வேண்டும், அவ்வளவுதான்.

மட்டக்களப்பு நகரத்துக்குள்ளேயே, வாவியோரம் ஒரு சதுப்பு நிலம். இடித்த வீட்டுக் கல்லும் பிளாஸ்டிக்கும் கொட்டிக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அதை வாரி அள்ளிவிட்டு, சேற்றில் வேரூன்றும் கண்டல் மரக் கன்றுகளை நடுவது எங்கள் வேலை.

எங்களில் ஒருத்திக்கு மட்டும் அது விளையாட்டில்லை. அவள் வீடு அந்தக் கரையிலேயே இருந்தது. தகப்பன் வாவியில் மீன் பிடிப்பவர். அவருடைய தோணியில் அக்கரைக்குப் போய் கண்டல் விதை பொறுக்கி வந்தவள் அவள்தான். முழங்கால் சேற்றில் நின்றபடி எங்களை விரட்டி வேலை வாங்குவாள். சேற்று மாமி என்று பட்டம் வைத்தோம். வேலை முடிந்தால் அவள் வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவுவோம். "சேத்தோட உள்ளுக்கு வராதீங்க மனே" என்று கத்திக்கொண்டே அவள் அம்மா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றி, பணிசும் எடுத்துவந்து தருவார்.

கன்றுகள் பிடித்தன. அதுதான் வினையாகப் போனது. அதிகாரிகள் பார்க்க வந்தார்கள், எங்கள் முதுகில் தட்டினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு அளக்க வந்தார்கள். சதுப்பு நிலமென்று ஒதுக்கிய எல்லைக்குள் அவள் வீடும் பக்கத்து வீடுகள் சிலவும் விழுந்தன; வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். அதே கரையில், சதுப்பை மண் போட்டு நிரப்பிக் கட்டிய ஹோட்டல் மட்டும் எப்படியோ எல்லைக்கு வெளியே போய்விட்டது. அந்தக் கோடு அவ்வளவு அழகாக வளைந்து போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எல்லைக் கட்டை அடித்த பிறகு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை வந்தாள். மிச்சமிருந்த கன்றுகளை எடுத்து நடத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ என்னத்துக்கு கா அழுறாய்? இந்தக் கண்டுகள் என்ன பிழை செஞ்சது?" என்றாள்.

நகரத்தை விட்டுத் தூரத்தில், கிரான் ஊருக்கும் உள்ளே தள்ளி அவர்களுக்குக் காணி கொடுத்தார்கள். சுற்றிலும் வயல். தோணியை விற்றுவிட்டு, வலை வீசிய மனுஷன் அங்கே கூலிக்கு வரம்பு கட்டுகிறார். போகிற அன்று சாமான் ஏற்றிக் கொடுக்கப் போனோம். எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற முடியவில்லையே என்று அவள் அம்மா அழுதார். கேத்தல் ஏற்கெனவே சாக்குக்குள் போயிருந்தது.

வீடுகளை இடித்து, மண்ணையும் அள்ளியெடுத்த பிறகு தண்ணீர் அங்கேயும் பரவிவிட்டது. கண்டல்கள் இப்போது என் உயரத்துக்கு நிற்கின்றன. போன மாதம் போனபோது அந்தத் தண்ணீரில் ஒரு நாரை நின்றது. ஆசை தாங்காமல் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

"நல்லா வளந்திரிக்கி கா" என்று உடனே பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது.

"நாரை நிக்கிறது எங்கட குசினிக்குள்ள."