ஓடைக்கரை மரங்கள்

தண்ணீருக்குத் தவம் கிடக்கும் சீமையில் பிறந்தவனிடம் போய், தண்ணீர் கெடுக்கும் என்று சொன்னால் நம்புவானா? எங்கள் மாமா நம்பவில்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறி வந்தவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சலித்துப்போனார். த்வாண்டேக்குத் தெற்கே காடு வெட்டி வயலாக்கலாம் என்று யாரோ சொன்னதும் கிளம்பிவிட்டார். அந்த நாளில் அங்கே வெட்டியவனுக்குத்தான் நிலம். கோடை வந்தால் வெட்டிய காட்டை எரிக்கும் புகை ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழும்பும்; இக்கரையில், ரங்கூன் கெமண்டைனில், எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் கரி படியும். "உன் தம்பி அடுப்பு மூட்டிட்டான்" என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார்.

பாம்பு, கொசு, விஷக்காய்ச்சல் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி, வேர் வேராகப் பிடுங்கி, மாமா அந்தக் காட்டை வயலாக்கினார். அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். எங்கள் அத்தை தங்கமானவள். ஓடைக்கரையில் நின்ற மரங்களை மட்டும் அவள் வெட்டவிடவில்லை. அதில் சாமி குடியிருக்கிறது என்று பழமும் பூவும் வைப்பாள்.

மழைக்கால நெல் அமோகமாக விளைந்தது. மாமாவுக்கு ஆசை விட்டதா? கோடையிலும் ஒரு போகம் எடுக்கவேண்டும் என்றார். ஓடையில்தான் கரை முட்டத் தண்ணீர் கிடக்கிறதே! நானும் அம்மாவும் படகேறிப் போயிருந்த அன்று கோடரியைத் தீட்டிக்கொண்டு புறப்பட்டார். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாங்க. மரம் போனா கரை நிக்காது. கோடையிலே கடல்தண்ணி ஏறும், கரிக்கும்."

"யாருகிட்ட? ராமநாதபுரத்தான்கிட்டயா தண்ணி வேணாங்கிறே?" மாமா சிரித்தார். "வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு எவனாச்சும் நெய்க்கு அலைவானா? மழை பூரா இதைத்தானே குடிச்சேன், எங்கே கரிச்சுது?"

அம்மாவும் தம்பிக்குத்தான் பரிந்து பேசினாள். அத்தை உள்ளே போய்விட்டாள். மரங்கள் விழுந்தன, கரையை வெட்டி வாய்க்கால் திறந்தார்கள். தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தபோது மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். அடேயப்பா, எவ்வளவு சந்தோஷம் அந்த மனுஷனுக்கு!

கோடை முற்றி, அடுத்த தடவை நாங்கள் போனபோது நட்ட நாற்றெல்லாம் செம்பட்டையாகக் கருகிக் கிடந்தது. பிடித்து நிறுத்த வேர் இல்லாத கரை ஒவ்வொரு கடலேற்றத்துக்கும் இடிந்து, வாய்க்கால் ஆறுபோல அகன்றிருந்தது. எத்தனை மண் கொட்டியும் அடைபடவில்லையாம். மாமா குடிசை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் போய் நின்றாள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் எரியவில்லை. வயலில் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு! பாவாடை மடி நிறைய வழித்துக்கொண்டு ஓடினேன்.

"மாமா! உங்க வயல்ல உப்பு விளைஞ்சிருக்கு மாமா!"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா என் மடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். மளமளவென்று அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பெரியவர்கள் அழுவார்கள் என்றே எனக்கு அப்போது தெரியாது. பாவம், கரிப்பு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துவர ஓடினேன்.